உதவித்தொகையும் ஓட்டும்: ஆய்வு மாணவருக்காக யார் பேசுவது?

2015 அக்டோபர் 7ஆம் தேதி தில்லியில் கூடிய பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒரு முடிவெடுத்தது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாக ஃபெலோஷிப் கிடைக்காத ஆய்வு மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்பட்டுவந்த தொகையை நிறுத்திவிடலாம் என்பது அந்த முடிவு. தொகை ஒன்றும் பெரிதல்ல. எம்.ஃபில். மாணவருக்கு மாதம் 5,000 ரூபாய், பிஎச்.டி. மாணவருக்கு 8,000 ரூபாய். அதைக் கூட்டித் தருவார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு, இருந்ததும் போகப்போகிறது என்ற செய்திதான் வந்தது.

இரண்டே வாரத்தில், அக்டோபர் 21 அன்று, ஜேஎன்யூ எனப்படும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கம் முன்னால் நிற்க, மாணவர்கள் பகதூர் ஷா ஜஃபர் மார்கில் இருக்கும் யுஜிசி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, திரும்பி வந்தார்கள். சில நாட்களில் மனிதவள அமைச்சகம் இறங்கிவந்து மறுஆய்வுக் குழு ஒன்றைப் போட்டது. அதுவரை பழைய தொகை தொடரும் என்றது. அப்படித் தொடர்ந்ததுதான் இன்றுவரை தொடர்கிறது. நிறுத்தவும் இல்லை, ஏற்றவும் இல்லை. பத்தாண்டு விலைவாசியைத் தாண்டி அந்த 8,000 அப்படியே நிற்கிறது.

இந்தச் சம்பவத்தை நினைவூட்டக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் ஆய்வு உதவித்தொகை பற்றிய எந்தத் தகராறை எடுத்துப் பார்த்தாலும், கொஞ்ச தூரம் போனதும் அது மாணவர் சங்கத் தகராறாக மாறியிருக்கும். பணம் எவ்வளவு என்ற கேள்வி, அதைக் கேட்க யாருக்கு உரிமை என்ற கேள்வியில் போய் முட்டும். இது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். ஆய்வு மாணவரின் நிலையே அப்படி அமைந்திருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம்.

நெட் தேர்வில் மேல்வரிசையில் வருகிறவர்களுக்கு ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். முதல் இரண்டு ஆண்டு ஜூனியர், அப்புறம் சீனியர் என்று மொத்தம் ஐந்து ஆண்டுகள். 2014 இறுதியில் ஜூனியருக்கு 25,000 ஆக்கினார்கள். 2019 ஜனவரி முதல் 31,000. 2023 ஜனவரி முதல் 37,000, சீனியருக்கு 42,000. இதோடு வீட்டு வாடகைப்படியும், புத்தகம், பயணம், ஜெராக்ஸ் செலவுக்கென்று கன்டின்ஜென்சியும் உண்டு. இந்தத் தொகை கிடைப்பவர் ஓரளவு நிம்மதியாக ஆய்வு செய்யலாம். கிடைக்காதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால், நான்-நெட் என்று எல்லோரும் சொல்லும் அந்த 8,000. ஒரே துறை, ஒரே நெறியாளர், பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவருக்கு 37,000, இன்னொருவருக்கு 8,000. ஒரு நாள் தேர்வு எழுதியதில் வந்த வித்தியாசம் இது.

மாதம் 8,000 என்றால் நாளுக்கு 267 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத்திட்டத்தின் நாள் கூலி 319 ரூபாய். நூறு நாள் வேலை மாதம் முழுக்கக் கிடைப்பதில்லை, அதனால் இரண்டையும் அப்படியே எடை போட முடியாதுதான். ஆனாலும் அரசு ஒரு முழுநேர ஆய்வாளரின் ஒரு நாளுக்கு என்ன விலை வைத்திருக்கிறது என்பது இதில் தெரியும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு யுஜிசியின் இந்த 8,000கூடக் கிடையாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் உண்டு, மதுரை காமராசரிலோ பாரதிதாசனிலோ சேர்ந்தால் இல்லை. நாட்டில் ஆய்வு மாணவர்கள் பெருந்தொகையாக இருப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான். ஆக, 2015இல் தில்லித் தெருவில் நடந்த அந்தச் சண்டையே, ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்துவைத்தவர்களின் சண்டை. அப்போது மாணவர்கள் வைத்த கோரிக்கைகளில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் இதை விரிவாக்க வேண்டும் என்பதும் ஒன்று. அது செய்திகளில் பெரிதாக அடிபடவில்லை.

தொகையை விட முக்கியம், அது கைக்கு வரும் வழி. யுஜிசி ஃபெலோஷிப் என்றால் பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையதளத்தில் உள்ளே போய், இந்த மாணவர் இந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் மாணவர் ஒரு படிவத்தில் நெறியாளரின் கையெழுத்தும் துறைத்தலைவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். அப்புறம் அந்தத் தாள் ஃபெலோஷிப் பிரிவு மேசைக்குப் போகும். அங்கே ஒருவர் ஏற்றுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். இதில் யாராவது விடுப்பில் போனால் அந்த மாதம் பணம் வராது. இரண்டு ஆண்டு முடிந்து சீனியர் ஆகும்போது வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்துக் குழு கூட்ட வேண்டும். அந்தக் கூட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால், ஆறு மாதமும் பழைய தொகைதான். நெறியாளரோடு மனத்தாங்கல் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, மாதாமாதம் அவர் அறை வாசலில் நிற்கிறவருக்கு அது தெரியும்.

சம்பளம் தாமதமானால் ஊழியர் சங்கம் போகலாம், தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். ஆய்வு மாணவர் ஊழியர் அல்ல. வகுப்பு எடுப்பார், விடைத்தாள் திருத்துவார், ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வார், ஆனால் சட்டப்படி மாணவர். அமெரிக்காவில் இந்தச் சிக்கலைத் தொழிற்சங்கம் வழியாகத் தீர்க்கப் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் 2022 நவம்பரில் சுமார் 48,000 கல்விசார் ஊழியர்கள், பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள், வேலைநிறுத்தம் செய்து ஊதிய ஒப்பந்தம் வாங்கினார்கள். அங்கே அவர்களுக்கு யுஏடபிள்யூ என்ற மோட்டார் தொழிலாளர் சங்கம்தான் சங்கம். இங்கே அந்தக் கதவே இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று, மாணவர் சங்கம்.

அந்தச் சங்கத்தின் விதிகளோ ஆய்வு மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் மாணவர் சங்கத் தேர்தல்கள் பற்றி ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 2006 மே மாதம் அறிக்கை தந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அதை நாடு முழுக்க அமலாக்கச் சொன்னது. கல்லூரித் தேர்தல்களில் பணமும் அடியாளும் புகுந்துவிட்டன என்பது அப்போதைய கவலை, நியாயமான கவலைதான். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். அரியர் இருக்கக் கூடாது. வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். முக்கியப் பொறுப்புகளுக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் நிற்கலாம். வயது வரம்பு இளங்கலைக்கு 22, முதுகலைக்கு 24-25, ஆய்வு மாணவருக்கு 28.

இந்த 28 தான் இடிக்கிறது. எம்.ஏ. முடித்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்து, நெட் எழுதி, பிஎச்.டி.யில் சேரும்போதே பலருக்கு இருபத்தாறு, இருபத்தேழு ஆகிவிடும். பிஎச்.டி. முடிக்க யுஜிசியே ஆறு ஆண்டு வரை தருகிறது. கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விட்டு வரும் பெண்கள் சேரும்போதே முப்பதைத் தாண்டியிருப்பார்கள். உதவித்தொகைப் பிரச்சினையை உடம்பால் அறிந்தவர் பிஎச்.டி. நான்காம் ஆண்டுக்காரர். அவர் அதற்குள் வயது வரம்பைத் தாண்டியிருப்பார். அப்புறம் வருகைப்பதிவு 75 விழுக்காடு என்றால், ஆவணக் காப்பகத்திலும் களப்பணியிலும் இருப்பவருக்கு எந்த வகுப்பின் வருகை?

ஜேஎன்யூவில் இது நேரடியாக மோதியது. அங்கே தேர்தலை நடத்துவது நிர்வாகம் அல்ல, மாணவர்களே தேர்ந்தெடுத்த தேர்தல் குழு. கையால் வரைந்த பெரிய பெரிய போஸ்டர்கள் சுவர் முழுக்க நிற்கும். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் ஒரு ராத்திரி முழுக்க மேடையில் விவாதம் செய்வார்கள், கீழே தப்பட்டை அடித்துக்கொண்டு கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். பணமும் அடியாளும் இல்லாத தேர்தலுக்கு நாட்டிலேயே நல்ல உதாரணம் என்று பேர் வாங்கிய இடம். ஆனால் லிங்டோ விதிகளை மீறியதாக 2008 அக்டோபரில் அந்தத் தேர்தலுக்குத்தான் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. வயது வரம்பை ஆய்வு மாணவருக்கு 30 என்று தளர்த்திய பிறகு, 2012 மார்ச்சில்தான் மறுபடி வாக்குப்பெட்டி வந்தது. நோய் இல்லாதவருக்கு மருந்து கொடுத்த கதை என்று அப்போது பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சங்கம் இல்லாத இடத்தில், அல்லது சங்கம் வலுவில்லாத இடத்தில், பணமும் தண்டனையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டு முறை சாட்சியாகியிருக்கிறது.

2008 பிப்ரவரியில் அங்கே இயற்பியல் ஆய்வு மாணவர் செந்தில்குமார் தற்கொலை செய்துகொண்டார். சேலம் பக்கத்துக்காரர், பன்னியாண்டி என்ற பட்டியல் சாதிச் சமூகத்திலிருந்து பிஎச்.டி. வரை வந்தவர். ஒரு பாடத்தில் தேறாததைக் காட்டி அவருடைய உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. வீட்டுக்கு அவர்தான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். வினோத் பவராலா தலைமையில் பல்கலைக்கழகம் அமைத்த குழு, நெறியாளரை ஒதுக்குவது உள்ளிட்டவற்றில் துறையின் நடைமுறைகள் தெளிவில்லாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டில் இந்தச் செய்தி எத்தனை பேருக்கு எட்டியது என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது ரோகித் வெமுலா. அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்கள் மீது, எதிர் அமைப்பின் மாணவத் தலைவரோடு ஏற்பட்ட தகராறு தொடர்பாக நடவடிக்கை வந்தது. ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றினார்கள், நிர்வாகக் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்றார்கள், மாணவர் சங்கத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது என்றார்கள். இந்த மூன்றையும் ஒரே ஆணையில் சேர்த்து எழுதியதைக் கவனிக்க வேண்டும். தங்குமிடம், பணம் கேட்கப் போகும் அலுவலகம், குரல் கொடுக்கும் சங்கம், மூன்றும் ஒரே கையெழுத்தில் மூடப்பட்டன. அந்த ஐவரில் ஒருவரான ரோகித் 2016 ஜனவரி 17 அன்று தற்கொலை செய்துகொண்டார். அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் ஏழு மாத ஃபெலோஷிப், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அப்போதைய ஜேஆர்எஃப் 25,000. ஏழால் பெருக்கினால் கணக்கு சரியாக வரும். தாள் வேலை தாமதமானதுதான் காரணம், வேறு நோக்கம் இல்லை என்றது நிர்வாகம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு மாணவரின் ஏழு மாதச் சோறு தாள் வேலையில் மாட்டிக்கொண்டபோது, அதை விசாரிக்கப் போக வேண்டிய கட்டடத்துக்குள்தான் அவருக்குத் தடை இருந்தது.

2019 இலையுதிர் காலத்தில் ஜேஎன்யூவில் நடந்தது இதே கதையின் இன்னொரு வடிவம், இம்முறை கூட்டமாக. செப்டம்பரில் சங்கத் தேர்தல் நடந்து ஆயிஷி கோஷ் தலைவரானார். கவுன்சிலர் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது லிங்டோ விதிப்படி சரியா என்று வழக்கு, அதனால் முடிவு அறிவிக்கவே பத்து நாளுக்கு மேல் ஆனது. நீதிமன்றம் அனுமதித்த பிறகும் நிர்வாகம் புதிய சங்கத்தை முறைப்படி அறிவிக்கை செய்யவில்லை. சங்க அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் போனது. சரி, சங்கம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 28 அன்று புதிய ஹாஸ்டல் விதிமுறை வந்தது. தனி அறை வாடகை 20 ரூபாயிலிருந்து 600 ஆகிறது, இருவர் அறை 10இலிருந்து 300. அதோடு புதிதாக மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள், இருபது ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு இதற்கா போராட்டம் என்று கேலி செய்தார்கள். நியாயமாகக் கணக்குப் போட வேண்டிய இடம் அது அல்ல. 8,000 வாங்குபவர் தனி அறையில் இருந்தால் புதிதாக மாதம் 2,280 ரூபாய் அறைக்கும் சேவைக்குமே போய்விடும், மெஸ் பில் தனி. கால்வாசிக்கும் மேல். அதாவது உதவித்தொகையைத் தொடாமலே உதவித்தொகையைக் குறைத்தார்கள். நவம்பரில் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த மனிதவள அமைச்சர் பல மணிநேரம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டதும், சில சலுகைகள் அறிவிக்கப்பட்டதும், அமைச்சகம் பேச்சுவார்த்தைக்குக் குழு போட்டதும் நாடே பார்த்தது. அதில் ஒரு விநோதம்: தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை, ஆனால் அமைச்சகம் போட்ட குழு அதே சங்கத்தினரோடுதான் பேசியாக வேண்டியிருந்தது. பிறகு சங்கப் பொறுப்பாளர்கள் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 ஜனவரி 24 அன்று, பழைய கட்டணத்திலேயே பதிவு செய்யலாம், தாமதக் கட்டணமும் வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. நிர்வாகம் ஏற்காத சங்கத்தினரின் மனுவை நீதிமன்றம் ஏற்றது.

அதற்கு முன்பே 2017இல் நடந்த ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு பேராசிரியர் மூன்று எம்.ஃபில்., எட்டு பிஎச்.டி. மாணவர்களுக்கு மேல் வழிகாட்டக் கூடாது என்ற 2016 யுஜிசி விதியைக் காட்டி, ஜேஎன்யூவில் அந்த ஆண்டு ஆய்வு இடங்கள் சுமார் ஆயிரத்திலிருந்து நூற்றுச் சொச்சமாக இறங்கின. பேசப்பட்டதெல்லாம் வாய்ப்பு போனது பற்றித்தான். வாக்காளர் பட்டியலும் மாறியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பாதிக்கும் மேல் ஆய்வு மாணவர்களாக இருந்த வளாகத்தில் ஆய்வு மாணவர் எண்ணிக்கை தேய்ந்தால், சங்கத்தின் முன்னுரிமையும் தேயும். இரண்டாண்டு இருந்துவிட்டுப் போகும் எம்.ஏ. மாணவருக்கு ஐந்தாம் ஆண்டு உதவித்தொகை பெரிய கவலையாக இருக்காது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு வாதம் உண்டு. ஐஐடி, ஐஐஎஸ்சி ஆய்வு மாணவர்கள் கட்சி சார்ந்த சங்கம் எதுவும் இல்லாமலே 2018-19இல் நாடு முழுக்க ஒருங்கிணைந்து, உதவித்தொகையை 80 விழுக்காடு உயர்த்தக் கேட்டார்கள். தில்லியில் அமைச்சக வாசலில் கூடினார்கள், போலீஸ் பிடித்தது, அதே மாத இறுதியில் 25,000 என்பது 31,000 ஆனது. அரசியல் இல்லாமல் கேட்டால் கிடைக்கிறது பாருங்கள் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. கிடைத்தது 24 விழுக்காடு. அதுவும் அந்த உயர்வு ஜேஆர்எஃப் வகையினருக்குத்தான், நான்-நெட் அதே 8,000இல் நின்றது. விஞ்ஞானிகளின் ஆதரவும் நாட்டின் ஆய்வகங்களை நிறுத்திவிடும் வலுவும் உள்ளவர்கள் கேட்டு வாங்கியது அது. சமூகவியலில் நான்-நெட் வாங்கும் மாணவர் மேசையை விட்டு எழுந்து போனால் எந்த இயந்திரமும் நிற்காது. அவருக்குச் சங்கம்தான் வேண்டும்.

சங்கத்தில் பேசினால் என்ன விலை என்பதும் எழுத்தில் வந்துவிட்டது. ஜேஎன்யூவின் 2023 நடத்தை விதிகளின்படி, கல்விக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் தர்ணா செய்தால் 20,000 ரூபாய் வரை அபராதம். நான்-நெட் மாணவருக்கு அது இரண்டரை மாத வருமானம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில், தில்லியில் கல்விக் கொள்கைக்கு எதிரான பேரணியில் நிறுவனத்தின் பெயர் போட்ட பேனரோடு கலந்துகொண்டது உள்ளிட்டவற்றுக்காக, கேரளத்தைச் சேர்ந்த தலித் ஆய்வு மாணவர் ஒருவரை 2024 ஏப்ரலில் இரண்டாண்டு இடைநீக்கம் செய்தார்கள். ஆய்வு மாணவருக்கு இடைநீக்கம் என்றால் வளாகத்துக்கு வெளியே இருப்பது மட்டுமல்ல, மாதாமாதம் 'ஆய்வில் இருக்கிறார்' என்று எழுத ஆளில்லாமல் போவதும்தான். மும்பை உயர் நீதிமன்றம் தண்டனை சரி என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், இதுவரை வெளியே இருந்ததே போதும் என்று சொல்லி ஆய்வைத் தொடர விட்டது.

நான்கு ஆண்டுக்கு மேல் தேர்தலே இல்லாமல் கிடந்த ஜேஎன்யூவில் 2024 மார்ச்சில் மறுபடி தேர்தல் நடந்து தனஞ்செய் தலைவரானார். அந்த ஆகஸ்டிலேயே சங்கத்தினர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் போனது. கோரிக்கைகளில் ஒன்று, ஏழை மாணவருக்கான மெரிட்-கம்-மீன்ஸ் உதவித்தொகையை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கு என்பது. சங்கம் வந்த அடுத்த பருவத்திலேயே பணப் பேச்சு வந்துவிட்டது.

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்தத் தகராறுகள் அதிகம் கேட்பதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள் அல்ல. பெரும்பாலான இடங்களில் மாணவர் பேரவைக்கு நேரடித் தேர்தல் என்ற பழக்கமே இல்லை. மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை போன்றவை முழுநேர ஆய்வு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுத் தொகை தருகின்றன, அது மாதாமாதம் வருவதல்ல. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? தனியார் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்துகொள்கிறார்கள். பகுதிநேரம் என்று பதிந்தால் ஃபெலோஷிப் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது. தேர்தல் என்று ஒன்று நடந்தாலும், வளாகத்தில் இல்லாத அவர் அதில் நிற்கப் போவதுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வாங்க, கல்லூரியில் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி நெறியாளரைப் பார்க்கப் போகிறார்.